ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதியதை மறப்பவர்களுக்கு ஒரு சுவிட்ச்: பவர்டாய்ஸ் ஹோஸ்ட்ஸ் எடிட்டர்

ஒரு வரி எழுத எதற்கு ஒரு சாஃப்ட்வேர் என்று கேட்கும் கூட்டத்தில்தான் நானும் இருந்தேன். ஹோஸ்ட்ஸ் ஃபைல் என்பது எந்தத் தளத்தின் பெயருக்கு எந்த ஐபி (கணினியின் எண் முகவரி) என்று நம் கணினிக்குச் சொல்லும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் திறந்து ஐபி, ஒரு இடைவெளி, டொமைன் பெயர் என்று தட்டி சேவ் செய்தால் முடிந்தது, இதற்குப் போய் பட்டனும் பெட்டியும் வைத்து ஒரு கருவியா என்று சிரித்தவன். இப்போது ஓராண்டுக்கு மேலாக மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸோடு வரும் ஹோஸ்ட்ஸ் ஃபைல் எடிட்டரைத்தான் பயன்படுத்துகிறேன், நோட்பேடை அந்தப் பக்கமே விடுவதில்லை. எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. எழுதியதை மறந்து தொலைப்பதுதான் என் வியாதி.

அதெப்படி மறப்பாய் என்று கேட்கலாம். ஒரு வாடிக்கையாளரின் தளத்தைப் பழைய சர்வரில் இருந்து புதிய சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். டிஎன்எஸ்ஸை (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று உலகத்துக்கே சொல்லும் அமைப்பு) புதிய சர்வர் பக்கம் திருப்புவதற்கு முன்னால் புதிய இடத்தில் எல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு ஹோஸ்ட்ஸ் ஃபைலை விட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. அந்த டொமைனுக்குப் புதிய ஐபியைப் போட்டுவிட்டால், உலகம் முழுக்கப் பழைய தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் கணினி மட்டும் புதியதைப் பார்க்கும். பார்த்தேன், சரியாக இருந்தது, டிஎன்எஸ்ஸை மாற்றினோம், பணம் வந்தது, அந்த வரியை மறந்தேன். சில மாதம் கழித்து அந்த வாடிக்கையாளர்கள் அந்த சர்வரையும் விட்டுவிட்டு வேறு நிறுவனத்துக்குப் போனார்கள். ஒருநாள் சின்னத் திருத்தம் ஒன்றுக்காகத் தளத்தைத் திறந்தால் திறக்கவில்லை. பிரவுசர் கேஷைத் துடைத்தேன், ரௌட்டரை அணைத்துப் போட்டேன், கணினியை ரீஸ்டார்ட் செய்தேன், கடைசியில் 'உங்கள் சர்வர் செத்துக் கிடக்கிறது, யாராவது பார்ப்பீர்களா மாட்டீர்களா' என்று அந்தப் புதிய நிறுவனத்துக்குக் கொஞ்சம் சூடாகவே ஒரு மெயில் போட்டேன். 'எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது சார், ஒருமுறை மொபைலில் திறந்து பாருங்கள்' என்று பதில் வந்தது. மொபைலில் திறந்தேன், பளிச்சென்று வந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. நான் எழுதிய வரி, என் கணினியில், சமர்த்தாக உட்கார்ந்து பழைய ஐபியையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மன்னிப்பு மெயில் எழுத அரைமணி நேரம் ஆனது.

ஹோஸ்ட்ஸ் ஃபைலின் குணமே இதுதான். டிஎன்எஸ்ஸிடம் கேட்பதற்கு முன்பே கணினி இதைப் பார்த்துவிடும், இதில் இருப்பதுதான் வேதவாக்கு, இதில் இருந்து எடுத்தேன் என்று யாரிடமும் சொல்லவும் சொல்லாது. காலாவதித் தேதியும் கிடையாது. டிஎன்எஸ் பதிவுக்காவது இத்தனை வினாடி என்று ஆயுள் போட்டிருக்கும், ஹோஸ்ட்ஸ் வரி நீங்களாக அழிக்கும் வரை அங்கேயே கிடக்கும். இத்தனைக்கும் இந்த ஃபைலுக்கு ஒரு காலத்தில் ராஜ மரியாதை இருந்தது. டிஎன்எஸ் வருவதற்கு முன்னால், இணையத்தின் முன்னோடி வலையான அர்பாநெட்டில் இருந்த அத்தனை கணினிகளின் பெயரும் எண்ணும் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற ஒரே பட்டியலில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமென்றால் அவர்களிடம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தப் பட்டியலை அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும். வலை பெருத்துக்கொண்டே போக, 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பெரிய பட்டியல் போய்விட்டது, அதன் குட்டி மட்டும் இன்றும் ஒவ்வொரு கணினிக்குள்ளும் இருக்கிறது. அன்றைக்குப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஒரு குழுவே இருந்தது. என் கணினியில் உள்ளதைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும்தான், என் லட்சணத்தைத்தான் மேலே சொன்னேனே.

நோட்பேட் வழியில் வேறு தொல்லைகளும் உண்டு, செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபைல் இருக்கும் இடம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி. அட்மினாக, அதாவது கணினியின் நிர்வாகி அனுமதியோடு, திறக்காமல் எல்லாம் எழுதி முடித்து சேவ் அழுத்தினால் அனுமதி இல்லை என்று சொல்லும். அட்மினாகத் திறந்தால், ஓபன் பெட்டியில் ஃபோல்டர் காலியாகத் தெரியும், ஏனென்றால் நோட்பேட் டெக்ஸ்ட் எக்ஸ்டென்ஷன் உள்ளதை மட்டும்தான் காட்டும், ஹோஸ்ட்ஸுக்கு எக்ஸ்டென்ஷனே கிடையாது, கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்ற வேண்டும். அவசரத்தில் 'சேவ் ஆஸ்' கொடுத்து ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்று இன்னொரு ஃபைலை உருவாக்கி, ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர், எக்ஸ்டென்ஷனை மறைத்து வைக்கும் விண்டோஸ் வழக்கத்தால் பார்த்தால் இரண்டும் ஒரே பெயராகத் தெரியும்.

சரி, கருவிக்கு வருகிறேன். பவர்டாய்ஸ் என்பது பல சின்னக் கருவிகள் சேர்ந்த ஒரு மூட்டை, இலவசம், ஓபன் சோர்ஸ். பெயர் விண்டோஸ் 95 காலத்தது, 2019ல் மைக்ரோசாஃப்ட் தூசி தட்டி மறுபடி தொடங்கியது. ஹோஸ்ட்ஸ் எடிட்டர் அதில் சேர்ந்தது 2022 நவம்பரில், 0.64 பதிப்பில். திறந்தவுடன், இதில் கை வைத்தால் நெட்வொர்க் குழம்பலாம், பார்த்துச் செய்யுங்கள் என்கிற ரீதியில் ஒரு எச்சரிக்கை வரும். செட்டிங்ஸில் அதை நிறுத்தலாம், நான் நிறுத்தவில்லை, எனக்கு அது தேவை. அதைத் தாண்டினால் ஒரு பட்டியல், அவ்வளவுதான். ஒவ்வொரு வரியிலும் இடதுபக்கம் ஐபி, பக்கத்தில் டொமைன், அதற்குப் பிறகு கமெண்ட், வலது ஓரத்தில் ஒரு சுவிட்ச். அந்த சுவிட்சுக்காகத்தான் நான் இத்தனை நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சுவிட்சை அணைத்தால் ஃபைலில் அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி (#) விழுகிறது, அது இருக்கும் வரை கணினி அந்த வரியைக் கண்டுகொள்ளாது, சுவிட்சைப் போட்டால் குறி போய்விடுகிறது. நோட்பேடிலும் இதையே கையால் செய்யலாம்தான். ஆனால் நோட்பேடில் ஹாஷ் போட்ட வரியும் போடாத வரியும் ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில், மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கும் விளக்கக் குறிப்புகளுக்கு நடுவே கலந்து கிடக்கும். இருபது வரி இருந்தால் எது உயிரோடு இருக்கிறது, எது தூங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் படித்துத்தான் சொல்ல முடியும். இங்கே கண்ணை ஓட்டினால் போதும், நீலமாக எரிகிற சுவிட்ச் எத்தனை என்று தெரிந்துவிடும் (நீலம் என் விண்டோஸ் நிறம், உங்களுக்கு வேறாக இருக்கலாம்). சேவ் பட்டன் என்று தனியாக எதுவும் இல்லை, தட்டின உடனே ஃபைலில் ஏறிவிடும். முதலில் இது பயமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

அடுத்தது கமெண்ட். புது வரி சேர்க்க கண்ட்ரோல் என் அழுத்தினால் சின்னப் பெட்டி திறக்கும், முகவரி, ஹோஸ்ட்ஸ், கமெண்ட் என்று மூன்று இடம், கூடவே இப்போதே செயல்பட வேண்டுமா என்ற சுவிட்ச். கமெண்டுக்கென்று ஒரு காலிப் பெட்டி கண் முன்னால் நிற்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. நோட்பேடில் ஒரு ஹாஷ் போட்டு இதை எதற்கு எழுதினேன் என்று ஒருநாளும் எழுதியதில்லை, இங்கே பெட்டியைக் காலியாக விடக் கை வருவதில்லை. நான் வைத்துக்கொண்ட பழக்கம்: யாருக்காக, எதற்காக, எந்தத் தேதிக்குப் பிறகு அழிக்கலாம். 'புது சர்வர் சோதனை, 15ம் தேதி அழி' என்று இருந்தால் 20ம் தேதி பார்க்கும்போது யோசிக்கவே வேண்டாம். மேலே ஃபில்டர் இருக்கிறது, ஐபி, டொமைன், கமெண்ட் மூன்றில் எதை வைத்தும் தேடலாம், 'சோதனை' என்று தட்டினால் சோதனை வரிகள் மட்டும் வந்து நிற்கும். ஒரே பெயர் இரண்டு வரியில் வந்தால் எச்சரிக்கைக் குறி போட்டுக் காட்டுகிறது, அப்படி இரட்டித்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கவும் வசதி உண்டு. என்னைப் போல ஒரே டொமைனை மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஐபிக்கு எழுதி வைக்கிறவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

வரியின் மேல் ரைட் கிளிக் செய்தால் பிங் என்று ஒன்று வரும். அந்த ஐபி பதில் சொல்கிறதா என்று பார்த்து ஒரு குறி போடும். ஆரம்பத்தில் ரொம்ப நம்பினேன், இப்போது பாதிதான். பிங்குக்குப் பதில் சொல்லாதே என்று ஃபயர்வாலில் அடைத்து வைத்திருக்கும் சர்வர்கள் ஏராளம், அவற்றில் தளம் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும், பிங் மட்டும் தோற்கும். டிக் வந்தால் ஐபியை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறேன், வராவிட்டால் கண்டுகொள்வதில்லை.

பேக்கப் விஷயத்தில் முழு மதிப்பெண். மாற்றம் செய்வதற்கு முன்னால் இருந்த ஃபைலை அதே ஈடிசி ஃபோல்டரில், பவர்டாய்ஸ்பேக்கப் என்ற பெயரோடு, தேதியும் நேரமும் ஒட்டி வைத்துவிடுகிறது. இதன் அருமை தெரிய ஒருமுறை சூடுபட்டிருக்க வேண்டும். பவர்டாய்ஸுக்கு வருவதற்கு முன்னால் வேறொரு குட்டிக் கருவியைப் போட்டுப் பார்த்தேன், பெயர் வேண்டாம். அழகாக இருந்தது, ஐந்து நொடியில் திறந்தது. சேவ் அழுத்தியதும் என் வரிகளை எல்லாம் அகர வரிசைப்படி அடுக்கி, தனி வரியாக நான் எழுதியிருந்த குறிப்புகளைக் குப்பை என்று நினைத்து வழித்துத் துடைத்துவிட்டது. பேக்கப்பும் கிடையாது. எந்த ஐபி எந்த வேலைக்கு என்பது அந்தக் குறிப்புகளில்தான் இருந்தது. பவர்டாய்ஸ் எடிட்டர் தனக்குப் புரியாத வரிகளைத் தொடுவதில்லை, கூடுதல் வரிகள் என்று தனியே ஒதுக்கி வைக்கிறது, அவற்றை ஃபைலின் மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று மட்டும் செட்டிங்ஸில் கேட்கிறது. ஆக, குறிப்பு அழியாது, ஆனால் இடம் மாறும். எந்த வரிக்கு மேலே எழுதினோமோ அங்கேயே இருக்காது. அதனால்தான் கமெண்டை அந்தந்த வரியிலேயே எழுதிவிடுங்கள் என்கிறேன்.

அட்மின் விவகாரம்: செட்டிங்ஸில் அட்மினாகத் திற என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அணைத்து வைத்தால் பட்டியலைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. வெறுமனே எட்டிப் பார்க்க அதுவே நல்லது என்பது என் எண்ணம். இன்னொரு நுணுக்கம், விண்டோஸில் ஒரு வரிக்கு ஒன்பது பெயர்தான் ஏற்கும், அதற்கு மேல் எழுதினால் மிச்சத்தைக் கண்டுகொள்ளாது. ஒரே ஐபிக்கு பதினான்கு சப்டொமைனை (ஒரு டொமைனுக்குள் வரும் உட்பெயர்களை) வரிசையாக எழுதி, கடைசி ஐந்து மட்டும் ஏன் வரவில்லை என்று தவித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இந்த எடிட்டர் அதைத் தானாகவே ஒன்பது ஒன்பதாகப் பிரித்துவிடும்.

இனி குறைகள். முதல் குறை அளவு. உங்களுக்கு வேண்டியது இந்த ஒரு எடிட்டர் மட்டும்தான் என்றால், ஒரு ஸ்குரூ டிரைவருக்காகப் பட்டறையையே வாங்கிய மாதிரி இருக்கும். பல நூறு எம்பி இறங்கும், ஜன்னல்களை அடுக்கும் ஃபேன்சிஸோன்ஸ், நிறம் எடுக்கும் கலர் பிக்கர், கும்பலாகப் பெயர் மாற்றும் பவர்ரீனேம் எல்லாம் கூடவே வரும். நான் அவற்றையும் பயன்படுத்துகிறேன், அதனால் எனக்கு உறுத்தவில்லை. வேண்டாதவற்றை அணைத்து வைக்கலாம், ஆனால் டிஸ்க்கில் இடம் பிடித்தது பிடித்ததுதான்.

இரண்டாவது குறை எனக்கு நிஜமாகவே உறுத்துவது. தொகுப்பு என்ற பேச்சே இல்லை. ஒரு வேலைக்கு ஆறு வரி, இன்னொரு வேலைக்கு எட்டு வரி என்று வைத்திருக்கிறவர் ஒரே தட்டில் அதை அணைத்து இதைப் போட முடியாது, ஆறு சுவிட்சையும் ஒவ்வொன்றாக அணைத்து எட்டையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அப்படி மாற்றி மாற்றி வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே மாட்டேன், ஸ்விட்ச்ஹோஸ்ட்ஸ்தான் அவர்களுக்கு. அதுவும் ஓபன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், தொகுப்புகளுக்குப் பெயர் வைத்து, டாஸ்க்பார் ஓரத்து ஐகானில் இருந்தே மாற்றலாம், இணையத்தில் இருக்கும் ஒரு பட்டியலைக் குறிப்பிட்ட இடைவெளியில் தானாக இழுத்துக்கொள்ளவும் சொல்லலாம். ஆனால் அதில் ஒவ்வொரு தொகுப்பும் உள்ளே பார்த்தால் டெக்ஸ்ட்தான், வரிக்கு ஒரு சுவிட்ச் இல்லை, வரி எண்ணைக் கிளிக் செய்தால் ஹாஷ் விழும். பத்துப் பதினைந்து வரி வைத்திருக்கும் எனக்கு பவர்டாய்ஸின் அட்டவணைதான் கண்ணுக்குச் சுகம். மேக்காரர்களுக்கு பவர்டாய்ஸ் கிடையவே கிடையாது என்பதால் இந்தக் குழப்பமும் கிடையாது.

விளம்பரத் தளங்களைத் தடுக்க பல்லாயிரக்கணக்கான வரிகளுள்ள பட்டியலை இறக்கி ஒட்டும் பழக்கம் இருந்தால், இந்த எடிட்டர் அதற்கானது அல்ல. சொல்லப்போனால் ஹோஸ்ட்ஸ் ஃபைலே அதற்குச் சரியான இடமா என்பது சந்தேகம், ஃபைல் ஊதிப்போனால் விண்டோஸின் டிஎன்எஸ் சேவை மூச்சு வாங்கும். அதோடு மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் அனுப்பும் முகவரிகளைத் தடுத்து எழுதினால், ஹோஸ்ட்ஸ் ஃபைலை யாரோ கடத்திவிட்டார்கள் என்று விண்டோஸின் காவல்காரனான டிஃபெண்டர் அபாயச் சங்கு ஊதும், எழுதியது நீங்களே என்றாலும்.

எந்த எடிட்டராலும் தீராத சில விஷயங்களும் இருக்கின்றன, அவற்றுக்காகக் கருவிக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுப்பது நியாயமில்லை. நட்சத்திரக் குறி போட்டு எல்லா சப்டொமைனையும் ஒரே வரியில் அடக்க முடியாது. போர்ட் எண் எழுத முடியாது, பெயரை ஐபியாக மாற்றுவதோடு இதன் வேலை முடிந்தது. புதிய சர்வரில் அந்தப் பெயருக்கான சர்ட்டிஃபிகேட் (தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்று) இன்னும் ஏறவில்லை என்றால் பிரவுசர் சிவப்பாக எச்சரிக்கும், அது ஹோஸ்ட்ஸ் வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை, வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி. இடையில் பிராக்ஸி (உங்களுக்காகத் தளங்களைக் கேட்டு வாங்கித் தரும் இடைத்தரகர் சர்வர்) இருந்தால் பெயரைத் தேடுவது பெரும்பாலும் பிராக்ஸிதான், உங்கள் கணினியில் நீங்கள் எழுதியது அதற்குத் தெரியாது. அப்புறம், சுவிட்சைப் போட்டும் பழைய தளமே வருகிறது என்றால் கமாண்ட் பிராம்ப்டில் ipconfig /flushdns என்று தட்டி, விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் பழைய ஐபிகளைத் துடைக்கும்படி எல்லோரும் சொல்வார்கள், செய்யுங்கள், தவறில்லை, ஆனால் ஃபைல் மாறினால் விண்டோஸ் தானாகவே கவனித்துக்கொள்ளும். என் அனுபவத்தில் பெரும்பாலும் பிரவுசர்தான் ஏற்கெனவே போட்ட இணைப்பை விடாமல் பிடித்திருக்கும், டேபை அல்ல, பிரவுசரையே முழுக்க மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

இந்த அட்டவணை எனக்கு இன்னொரு வகையிலும் உதவியது. அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான், ஒரு சாஃப்ட்வேரை இப்போதுதான் காசு கொடுத்து வாங்கினானாம், லைசென்ஸ் கீயைப் போட்டால் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொல்கிறதாம். இணையம் நன்றாக இருந்தது. பவர்டாய்ஸைப் போட்டு ஹோஸ்ட்ஸைத் திறந்தால், 127.0.0.1 (கணினி தன்னையே குறிக்கும் ஐபி) என்று வரிசையாக ஏழு வரி, எல்லா சுவிட்சும் எரிந்துகொண்டிருந்தது, ஏழிலும் அந்த சாஃப்ட்வேர் நிறுவனத்தின் பெயர். 'டேய், இதுக்கு முன்னால கிராக் போட்டு ஓட்டினியா?' என்று கேட்டேன். 'இல்ல மாமா... அது ஃப்ரெண்டு போட்டுக் கொடுத்தது' என்றான். லைசென்ஸைச் சரிபார்க்க விடாமல் கிராக் எழுதிவிட்டுப் போன வரிகள், கிராக்கை நீக்கிய பிறகும் அப்படியே இருந்திருக்கின்றன. ஏழையும் அழித்தேன், கீயை ஏற்றுக்கொண்டது. வங்கித் தளத்தின் பெயருக்கு வேறு ஐபியை எழுதி வைக்கும் மால்வேர்களும் உண்டு என்பதால், நீங்கள் இந்த ஃபைலைத் தொட்டதே இல்லை என்றாலும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. விண்டோஸ் கொடுக்கும்போது இதில் ஹாஷ் போட்ட குறிப்புகளைத் தவிர எதுவும் இருக்காது, கணினி தன்னையே குறிக்கும் பெயரான லோக்கல்ஹோஸ்ட் கூட அதில் ஹாஷுக்குப் பின்னால்தான் இருக்கும்.

இன்றைக்கு என் பட்டியலில் பதினோரு வரி. நான்கு எரிகிறது, மிச்சம் அணைந்திருக்கிறது, பத்துக்கு ஒழுங்காகத் தேதியோடு கமெண்ட் இருக்கிறது. பதினோராவது நோட்பேட் காலத்தில் எழுதியது, எந்தத் தளம் என்றே ஞாபகமில்லை, யாருக்காக என்றும் தெரியவில்லை. போன மாதம் சுவிட்சை அணைத்துவிட்டு, கமெண்டில் 'யாராவது கத்தினால் போடு' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கத்தவில்லை.